"டிஸ்ப்ளே போச்சுங்க சார்": ஒரு லினக்ஸ் லேப்டாப்போடு ஆறு வருடம்

இந்த லேப்டாப் 2019-இல் வாங்கியது. வாங்கிய வாரமே விண்டோஸை வழித்துப்போட்டுவிட்டு லினக்ஸ் ஏற்றினேன். மொழிபெயர்ப்பு வேலை, வீட்டுக் கணக்கு, ராத்திரி படம் பார்ப்பது எல்லாம் இதில்தான். ஆறு வருடத்தில் வேகம் குறைந்துவிட்டது என்று ஒருநாளும் புலம்பியதில்லை. புலம்பியதெல்லாம் திரையைப் பற்றித்தான். மூன்று தடவை காலை வாரியது.

முதல் தடவை 2020-இல். ராத்திரி அப்டேட் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் ஆன் செய்தால் கம்பெனி லோகோ வருகிறது, அப்புறம் கும்மிருட்டு. ஃபேன் ஓடுகிறது, கேப்ஸ்லாக் விளக்கு எரிந்து அணைகிறது, திரை மட்டும் கறுப்பு. காந்திபுரத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "டிஸ்ப்ளே போச்சுங்க சார், 6,500 ஆகும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் உறைத்தது: பேனல் செத்திருந்தால் லோகோ எப்படித் தெரியும்?

லோகோ வரைக்கும் திரையை ஓட்டுவது லேப்டாப்பின் சொந்த ஃபர்ம்வேர், அதாவது லினக்ஸுக்கு முன்பே எழுந்துவிடும் உள்ளமைந்த மென்பொருள். அதற்குப் பிறகு லினக்ஸின் மையமான கர்னல் எழுந்து, கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் டிரைவரைக் கொண்டு ரெசல்யூஷனைத் தானே அமைத்துக்கொள்ளும். புது கர்னல் அந்த இடத்தில் தடுக்கினால், லோகோவோடு எல்லாம் இருண்டுவிடும். இதைத் தேடிப் படித்தபோது பலரும் சொன்ன மருந்து நோமோட்செட் என்ற ஒரு சொல். ஆன் செய்தவுடன் எஸ்கேப் விசையைத் தட்டினால், எந்தக் கர்னலை எழுப்புவது என்று கேட்கும் கிரப் மெனு வரும் (பயாஸ் என்ற பழைய வகை ஃபர்ம்வேர் உள்ள மெஷின் என்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்). அங்கே 'ஈ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் அந்தச் சொல்லைச் சேர்த்து, எஃப்10 தட்ட வேண்டும். திரை வந்தது. நானும் அதை நிரந்தரமாக எழுதிவைத்து இரண்டு வாரம் ஓட்டினேன்.

அது மடத்தனம். நோமோட்செட் என்றால் "கர்னலே, திரையைத் தொடாதே" என்று சொல்வது. டிரைவரே வேலை செய்யாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற விசை செத்துப்போனது. வீடியோவை முழுக்க பிராசஸரே வரைந்ததால் லேப்டாப் தோசைக்கல் மாதிரி கொதித்தது. உள்ளே நுழைந்து பழுது பார்ப்பதற்கான பின்வாசல் அது, குடித்தனம் நடத்துகிற இடமில்லை.

நண்பர் ஒருவர்தான் கேட்டார், "பழைய கர்னல்ல போய்ப் பார்த்தீங்களா?" அதே கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குள் போனால் முந்தைய கர்னல் பத்திரமாகக் காத்திருந்தது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் புது கர்னல் வந்தாலும் குறைந்தது ஒரு பழையதை வைத்திருப்பார்கள். நேராக பூட் ஆனது, எல்லாம் வேலை செய்தது. அடுத்த கர்னல் அப்டேட் வரும் வரை அதிலேயே இருந்தேன். அதில் கோளாறு சரியாகியிருந்தது. ஆறு வருடத்தில் எனக்கு மிக அதிகமாக உதவிய ஒரே வரி அந்த அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்தான்.

இரண்டாவது தொந்தரவு 2022-இல், இது விசித்திரமானது. டைப் அடிக்கும்போது ஒன்றுமில்லை. கையை எடுத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தால் திரை படபடவென்று துடிக்கும். மவுஸை அசைத்தால் நின்றுவிடும். அந்த ஒரு குணமே ஆளைக் காட்டிக்கொடுத்தது. பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் (சுருக்கமாக பிஎஸ்ஆர்) என்று ஒரு மின்சேமிப்பு வித்தை உண்டு. திரையில் எதுவும் மாறவில்லை என்றால், பேனல் தன் நினைவகத்தில் இருக்கும் கடைசிப் படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். கிராபிக்ஸ் சிப் அந்த நேரம் ஓய்வெடுக்கும். தூங்குவதிலும் விழிப்பதிலும் இருவருக்கும் தாளம் தப்பினால் இந்தத் துடிப்பு.

இதை நிறுத்த இன்டெல் சிப்புகளுக்கு ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு.டிசிடீபக்மாஸ்க்=0எக்ஸ்10. தட்டும்போது ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல். முதலில் கிரப் மெனுவில், நோமோட்செட் சேர்த்த அதே இடத்தில், ஒரே ஒரு தடவைக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். சரியானால் பிறகு கிரப் கோப்பில் எழுதி, உபுண்டு வகையில் அப்டேட்-கிரப் ஓட்டலாம். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்குகிறது, கண்ணுக்கு நிம்மதி.

அதே 2022-இல் 5.19.12 கர்னல் வந்தபோது சில இன்டெல் லேப்டாப்களில் திரை வெள்ளையாக வெட்டி வெட்டி அடித்தது. பேனலுக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தும் நேரக் கணக்கு தப்பியதால், பேனலே பழுதாகலாம் என்று டிரைவரை எழுதுபவர்களே எச்சரித்தார்கள். சில நாள்களில் 5.19.13-இல் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு அந்தக் கர்னல் வரவில்லை, தப்பித்தேன். ஆனால் அதற்குப் பிறகு, துடிக்கிற திரையை "பார்த்துக்கலாம்" என்று நாள்கணக்கில் விட்டதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. போன வருடம் அப்டேட் போட்ட மறுநாள் திரையில் கோடு கோடாக ஓடியது. பார்த்தவுடனே தீர்ப்பு எழுதிவிட்டேன்: அப்டேட்தான். பழைய கர்னல், அதே கோடு. திரையில் ஜன்னல்களை வரைகிற மென்பொருளை வேலாண்டிலிருந்து எக்ஸார்குக்கு மாற்றினேன், அதே கோடு. பிஎஸ்ஆர், அது இது என்று தெரிந்த எல்லாவற்றையும் போட்டேன். முந்தைய தடவை ஆன் செய்தபோது பதிவானவற்றை ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையில் வரிவரியாகப் படித்தேன். இரண்டு சனி ஞாயிறு போயே போய்விட்டது.

மூன்றாவது சனிக்கிழமை வீட்டம்மா ரயில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தாள். "மூடியை இப்படிக் கொஞ்சம் பின்னால சாய்ச்சா சரியாயிருதுங்களே?"

சாய்த்தேன், கோடு போனது. நிமிர்த்தினேன், வந்தது. ஃபர்ம்வேரின் சொந்த பயாஸ் செட்டிங் திரைக்குப் போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே கோடு. அங்கே லினக்ஸே இன்னும் எழுந்திருக்கவில்லை, அப்டேட்டைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. எச்டிஎம்ஐயில் டிவியோடு இணைத்தால் டிவியில் படம் சுத்தமாக இருக்கிறது. மூடியின் கீல் வழியாகப் போகும் கேபிள் நைந்திருந்தது. பயாஸைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், அதை முதல் நாளே செய்யவில்லை.

பக்கத்தில் வேறு கடை இல்லாததால் காந்திபுரத்துக் கடைக்கே போனேன். கேபிள் மாற்ற 900 ரூபாய் ஆனது. மூடியைத் திருகி மூடிக்கொண்டே, நாலு வருடத்துக்கு முந்தைய கணக்கை மறக்காமல் சொன்னார், "அன்னிக்கே சொன்னனுங்களே சார், டிஸ்ப்ளேதானுங்கன்னு."