இசைமேதைகளின் கதை சொல்லும் படப் புத்தகங்கள்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வளரும் பிள்ளைகளுக்கு பீத்தோவனின் மெட்டு ஒன்று நன்றாகவே தெரியும். பின்னேரம் வரும் பாண் ஓட்டோ வாசிப்பது அவருடைய 'ஃபூர் எலிசே'. அதை முணுமுணுத்துக்கொண்டு திரிந்த என் மகள், "அம்மா, இது பாண் விற்கிற அங்கிள் கட்டின பாட்டா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லத்தான் மேற்கத்திய இசைமேதைகளின் வாழ்க்கையைச் சொல்லும் படப் புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன். இப்போது அவளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் நான் படங்களைக் காட்டித் தமிழில்தான் கதை சொல்கிறேன்.

இவ்வளவு காலம் பாவித்ததில் எனக்கு விளங்கியது இதுதான். பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாவற்றையும் அடுக்குகிற புத்தகங்கள் ஒருமுறை வாசித்ததோடு சரி. ஒரேயொரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு அதை ஆறுதலாகச் சொல்கிற புத்தகத்தைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

பாக் 1705இல் நடந்த நடை அப்படி ஒன்று. அப்போது அவருக்கு இருபது வயது, ஆர்ன்ஸ்டாட் என்ற ஊரின் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். லூபெக் நகரில் இருந்த புக்ஸ்டஹூட என்ற மூத்த கலைஞரின் வாசிப்பைக் கேட்க ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்தே போனாராம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட அதே தூரம். நல்லூர்த் திருவிழாவுக்கு இரவு பஸ்ஸில் போய் இடுப்பு நொந்த பிள்ளைகளுக்கு அதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாலு கிழமை லீவு எடுத்துப் போனவர் மாதக்கணக்காகத் தங்கிவிட்டு வந்து ஏச்சு வாங்கினார் என்ற இடம் வந்தால் மகன் துள்ளுவான். கதை முடிந்ததும் பாக் ஓர்கனுக்கு எழுதிய ஜி மைனர் சின்ன ஃபியூக்கை யூடியூபில் போடுவேன். ஒரே மெட்டு நாலு குரல்களில் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும். ஒவ்வொரு தடவை நுழையும்போதும் கை தூக்க வேண்டும் என்பது எங்கள் விளையாட்டு.

இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். கதை கேட்ட அன்றிரவே அந்த இசையையும் கேட்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், மிஞ்சுவது யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெரியவரின் வரலாறு மட்டும்தான்.

ஹைடனின் கதை 2022 மின்வெட்டுக் காலத்தில் எங்கள் கைக்கு வந்தது. இசையமைப்பாளர் ஹைடனும் அவருடைய வாத்தியக்காரரும் வேலை பார்த்த எஸ்டர்ஹாசி இளவரசர் தன் கோடை மாளிகையை விட்டுக் கிளம்பாமலே இருக்கிறார். வாத்தியக்காரருக்கோ வீட்டு நினைவு, மனைவி பிள்ளைகள் நினைவு. ஹைடன் வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. 1772இல் ஒரு சிம்பனி, அதாவது வாத்தியக் குழு முழுதும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட இசை, எழுதினார். அதன் கடைசிப் பகுதியில் வாத்தியக்காரர் ஒவ்வொருவராக வாசிப்பை நிறுத்தி, மெழுகுதிரியை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள். முடிவில் மிஞ்சுவது இரண்டு வயலின்கள் மட்டும். இளவரசருக்கு விஷயம் விளங்கி, எல்லோரையும் ஊருக்கு அனுப்பினார். வீட்டில் மெழுகுதிரிக்குக் குறைவில்லாத நாட்கள் அவை. பிள்ளைகள் அதை நடித்தே பார்த்துவிட்டார்கள். இசையால் ஒரு நியாயத்தை இவ்வளவு மரியாதையாகக் கேட்கலாம் என்பதை என்னால் வேறு எப்படியும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

பீத்தோவன் புத்தகங்களில் எனக்குக் குறை உண்டு. பல புத்தகங்கள் அவருக்கு ஒரே நாளில் காது போனதுபோலக் காட்டுகின்றன. உண்மையில் இருபதுகளின் கடைசியில் தொடங்கி வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தது. பாண் ஓட்டோ மெட்டை எழுதிய 1810இல் கேட்கும் திறன் ஏற்கெனவே நலிந்திருந்தது. 1824 மே 7 அன்று வியன்னாவில் ஒன்பதாவது சிம்பனி அரங்கேறியபோது, கைதட்டல் கேட்காமல் நின்றவரைப் பாடகி ஒருவர் சபையின் பக்கம் திருப்பிவிட்டார். அந்தப் படத்தில் மகள் வெகுநேரம் விரலை வைத்திருந்தாள்.

மொசார்ட்டைக் கவனமாகக் கையாள வேண்டும். ஐந்து வயதில் இசை எழுதினார் என்று பக்கத்துக்குப் பக்கம் சொன்னால், புலமைப்பரிசில், பியானோ கிரேட் என்று ஏற்கெனவே அளவுகோல்களுக்குள் வாழும் கொழும்புப் பிள்ளைகளுக்கு அது இன்னொரு அளவுகோல் ஆகிவிடும். அதனால் அக்கா நானர்லை முன்னுக்குக் கொண்டுவரும் புத்தகத்தைத்தான் நான் விரும்புகிறேன். தம்பியோடு ஐரோப்பா முழுக்க வாசித்த அந்தப் பெண், வளர்ந்ததும் வீட்டோடு நிறுத்தப்பட்டார். மகள் அதற்குக் கோபப்பட்டாள். கோபப்பட வேண்டிய விஷயம்தானே. மகனுக்குப் பிடித்தது 1784இல் மொசார்ட் வாங்கி வளர்த்த ஸ்டார்லிங் பறவை. நம் மைனாவும் அதே குடும்பம்தான். பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் அவருடைய 17ஆவது பியானோ கொன்செர்ட்டோவின் மெட்டு ஒன்றை அது கொஞ்சம் சுரம் பிசகிப் பாடியது; அவரும் அதை அப்படியே எழுதி வைத்தார்.

எனக்கு உண்மையான ஏக்கம் வேறு. பீத்தோவன் பிறப்பதற்கு மூன்று வருடம் முந்தி, 1767இல் பிறந்தவர் தியாகராஜர். அதே தலைமுறையைச் சேர்ந்த முத்துசுவாமி தீட்சிதர், சென்னையில் ஆங்கிலேயர் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குப் பாடல் வரிகள் எழுதி நோட்டுஸ்வரங்கள் இயற்றினார். அவருடைய தம்பி பாலுசுவாமி, வெள்ளையரின் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். இதைவிட நல்ல படக்கதை எங்கே கிடைக்கும்? வெள்ளவத்தைக் கடைகளில் தேடியும் இதை இப்படிச் சொல்லும் தமிழ்ப் படப் புத்தகம் எனக்குக் கிடைக்கவில்லை. சங்கீத வகுப்பில் நோட்டுஸ்வரம் படிக்கும் மகள், கொப்பியில் தானே வரையத் தொடங்கியிருக்கிறாள்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொத்தானை அமத்தினால் இசை வரும் புத்தகங்கள் வேண்டாம். வருவது சில விநாடித் துண்டு, பற்றறியும் சீக்கிரம் போய்விடும். இறக்குமதிப் புத்தகங்களின் விலை இப்போது சாதாரணமில்லை. அதனால் நூலகத்தில் கிடைப்பதை முதலில் எடுத்து வாசிக்கிறோம். பிள்ளைகள் இரண்டாம் முறையும் கேட்கிற புத்தகத்தை மட்டும் குறித்து வைத்து, செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் தேடி வாங்குகிறோம்.