வாடகை உதவி: பிரிட்டனின் பழைய வழியும் புதிய வழியும்

பிரிட்டனில் குறைந்த வருமானம் உள்ளோரின் வாடகைச் சுமையில் ஒரு பங்கை அரசு இரு வழிகளில் ஏற்கிறது. 1980களில் தொடங்கிய ஹவுசிங் பெனிஃபிட்டை உள்ளாட்சி மன்றங்கள் வழங்க, அச்செலவின் பெரும்பகுதியை மத்திய அரசு ஈடுசெய்கிறது. 2013 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த யுனிவர்சல் கிரெடிட்டிலோ வாடகைப் பங்கு பிற உதவிகளுடன் சேர்ந்து, பெரும்பாலும் வாடகைதாரரின் கணக்கிற்கே மாதந்தோறும் வருகிறது.

உழைக்கும் வயதினர் இன்று பொதுவாகப் புதிய திட்டத்தில்தான் விண்ணப்பிக்க முடியும். ஓய்வூதிய வயதை எட்டியோருக்கும், வீடிழந்து தற்காலிகத் தங்குமிடங்களில் இருப்போருக்கும் பழையதே தொடர்கிறது. சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் இரண்டிலும் பொதுவாகத் தகுதி இல்லை.

வேலைக்குச் செல்வோருக்குப் புதியதே மேல் என்பேன்: கூடுதலாகக் கையில் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் பழையதில் உதவித்தொகை 65 பென்ஸ் குறையும், புதியதில் 55 பென்ஸ்தான். ஆனால் முதல் தொகைக்கு ஏறத்தாழ ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். வீட்டு உரிமையாளர் அத்தனை நாள் பொறுப்பாரா என்பது வேறு கதை.

பொதுச் செலவு என்று பார்த்தால், பழைய திட்டத்தில் எஞ்சியுள்ள தற்காலிகத் தங்குமிடச் செலவே மன்றங்களை வாட்டுகிறது. அதற்கான மத்திய ஈட்டுத்தொகை நீண்ட காலமாக 2011ஆம் ஆண்டின் வாடகை அளவில் 90 விழுக்காட்டை ஒட்டியே கணக்கிடப்பட்டதால், இடைவெளியை மன்றங்களே நிரப்ப நேர்ந்தது.

மாணவர் விசாவிலோ பணி விசாவிலோ லண்டனுக்குச் செல்லும் தமிழர்களுக்குப் பொது நிதி பெறத் தடை இருப்பதால், இவ்விரு திட்டங்களும் பொதுவாக எட்டா.