ஒரு யூனிட் ஜெராக்ஸா, முழுப் புத்தகமா, வாட்சப் பிடிஎஃப்பா?

சென்னையில் வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் செமஸ்டர் தொடங்கிவிட்டால் ஜெராக்ஸ் கடைகளில் மூன்று விதமான வேலை வரும். ஆசிரியர் குறித்துக் கொடுத்த பக்கங்கள் நகலாகும். முழுப் புத்தகம் ஸ்பைரல் போட்டுக் கைமாறும். யாரோ ஸ்கேன் செய்த பிடிஎஃப் பென்டிரைவில் வந்து பிரிண்ட் ஆகும். பார்வைக்கு மூன்றும் ஒரே காகிதக் கட்டுதான். சட்டம் மூன்றையும் வேறு வேறாகப் பார்க்கிறது.

ஆசிரியர் குறித்த பக்கங்களைத் தாராளமாக எடுக்கலாம். பாடம் நடத்துவதன் பகுதியாக ஆசிரியரோ மாணவரோ எடுக்கும் நகல் உரிமை மீறல் ஆகாது என்கிறது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. பத்து சதவீதம்தான் எடுக்கலாம் என்று பலர் சொல்வார்கள்; இந்த விலக்கில் அப்படி ஒரு வரம்பே எழுதப்படவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் டெல்லி பல்கலைக்கழகத்தின் மீதும் ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடையின் மீதும் வழக்குப் போட்டன. எத்தனை பக்கம் என்பதைவிட, அந்தப் பக்கங்கள் பாடத்துக்குத் தேவையா என்பதே கேள்வி என்று 2016 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது. ‘பாடம் நடத்துவது’ வகுப்பறை நேரத்தோடு முடிந்துவிடுவதில்லை என்றும் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்துக்காட்டி வாதிட வலுவான தீர்ப்பு.

அதனால் ஆசிரியர்கள் ஒரு தாளில் பாடத்தின் பெயர், யூனிட், புத்தகம், பக்க எண் எழுதிக் கையெழுத்திட்டுக் கடையில் கொடுப்பது நல்லது. தேவை என்பதற்கு அதுவே சாட்சி. தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் நகலோடு சேர்க்க வேண்டும். எந்தப் பதிப்பு என்று தெரியாமல் தேர்வில் மேற்கோள் காட்ட முடியாது. கிரவுன் எனும் சிறிய அளவுப் புத்தகத்தை விரித்து வைத்தால் ஏ4 தாளில் அப்படியே அடங்கும். டெமி கொஞ்சம் பெரிது, 95 சதவீதத்துக்குச் சுருக்கினால் ஓரத்து எழுத்து வெட்டுப்படாது. 30 பக்க அத்தியாயம் இப்படி 15 பக்கமாகும், பேக் டு பேக் போட்டால் 8 தாள். 40 மாணவருக்கு 320 தாள். 500 தாள் கொண்ட ஒரு ரீமுக்குள் முடிந்துவிடும். புத்தகத்தின் முதுகைச் சரியாக அழுத்தாவிட்டால் நடுவில் கறுப்புப் பட்டை விழுந்து, வரிக்கு இரண்டு சொல் போய்விடும். மாஸ்டர் காப்பியில் இதைப் பார்த்துவிட்டுத்தான் மொத்தத்தையும் ஓட்டச் சொல்ல வேண்டும்.

முழுப் புத்தகத்தை ஸ்பைரல் போட்டுக் கடையில் அடுக்கி விற்பது வேறு கணக்கு. அங்கே ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை, வியாபாரம் மட்டுமே இருக்கிறது. 63ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். சிக்கிக்கொள்பவர் கடைக்காரர். முழுப் புத்தகம் வேண்டுமென்றால் மூர் மார்க்கெட்டில் பழைய பதிப்பு தேடுவதே சரி. கட்டணம் வாங்கும் டியூஷன் சென்டர்களும் கவனிக்க வேண்டும்: டெல்லி வழக்கு பல்கலைக்கழகப் பாடத்தைப் பற்றியது. நகலை நோட்ஸ் என்று விலை வைத்து விற்றால் அந்தத் தீர்ப்பைக் கேடயமாக நம்ப முடியாது.

பிடிஎஃப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வகுப்புக் குரூப்பில் ஆசிரியர் ஒரு யூனிட்டை அனுப்புவதைப் பாடத்தின் பகுதி என்று வாதிடலாம். முழுப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் டெலிகிராம் சேனலில் போடுவதை அப்படிச் சொல்ல முடியாது.

தமிழ் இலக்கிய மாணவர்கள் இந்த மூன்றுக்கும் முன்னால் தமிழ் நூல்களை இலவச மின்னூலாகத் தரும் மதுரைத் திட்டத்தையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தையும் பார்க்க வேண்டும். நாட்டுடைமையான நூல்களுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு நூலாசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு உரிமை உண்டு: 1964இல் மறைந்தவர் என்றால் 2024 டிசம்பர் 31 வரை. குறளும் பரிமேலழகர் உரையும் பொதுச் சொத்து. அதே புத்தகத்தில் இன்றைய பேராசிரியர் எழுதிய விளக்கவுரைக்கும் அடிக்குறிப்புக்கும் உரிமை தனியாக இருக்கிறது.