நீலச் சாயமா, டெக்னீசியமா, இரும்புத் துகளா?

அம்மாவுக்கு மார்பில் கட்டி. சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய். அக்குளில் நெறி (நிணநீர்க் கணு) தட்டுப்படவில்லை. நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் நெறியை மட்டும் எடுத்துச் சோதிக்கலாம், அது சுத்தமாக இருந்தால் அக்குள் நெறிகளை முழுக்க வழித்தெடுக்க வேண்டாம், பிறகு கை வீங்கும் தொல்லையும் குறையும் என்றார் டாக்டர். அந்த நெறியை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பதில்தான் மூன்று வழி.

நீலச் சாயம் மலிவு. இயந்திரம் வேண்டாம். ஆனால் அறுத்துத் திறந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். சிறுநீர் ஓரிரு நாள் பச்சையாகப் போகும், பயப்பட வேண்டாம்.

மற்ற இரண்டும் நானோ சமாச்சாரம். நிணநீரில் நுழையும் அளவுக்குச் சிறிசு, நெறியில் சிக்கிக்கொள்ளும் அளவுக்குப் பெரிசு. டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிய ஆல்புமின் (ஒரு புரதம்) துகள் பெரும்பாலும் 80 நானோமீட்டருக்குள்தான். அதன் கதிரைப் பிடிக்கும் காமா கேமராவில் நெறி புள்ளியாகத் தெரியும். அறுவையின்போது பேனா மாதிரி ஒரு கருவி அதன்மேல் போனதும் சத்தம் போடும்.

இரும்பு ஆக்சைடு துகளுக்குக் கதிரியக்கமே இல்லை. அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது. காந்தக் கருவியால் தேடுவார்கள். பல நாள் முன்பே ஊசி போட்டுவிடலாம். அறுவைக்கு வெளியூர் போக வேண்டிய எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்றே செய்தது போலத் தோன்றியது. இதை நான் படித்ததோடு சரி, பக்கத்தில் பார்த்ததில்லை.

என்னை டெக்னீசியத்தின் பக்கம் திருப்பியது, எது உடம்பை விட்டுப் போகிறது என்பதுதான். இரும்பு போட்ட இடத்தில் தோல் பழுப்பாகக் கறை பிடிக்கலாம். அதைவிட, துகள் மாதக்கணக்கில், சிலருக்கு வருடம் தாண்டியும் தங்கி, பின்னால் எம்ஆர்ஐ எடுத்தால் அந்த இடத்தைக் கறுப்பாக மறைத்துவிடும். டெக்னீசியத்தின் கதிரியக்கமோ 6 மணி நேரத்தில் அரை, 12-இல் கால், 18-இல் அரைக்கால், மறுநாள் அதே நேரம் வீசம் (பதினாறில் ஒரு பங்கு).

அந்தக் கடிகாரம்தான் தொல்லையும். அறுவை தள்ளிப்போனால் மறுபடி ஊசி. அதனால் முந்தின நாளே நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய் ரூம் எடுத்தோம். காலையில் ஊசி, மதியம் அறுவை. கூடவே நீலச் சாயமும் போட்டார்கள். இரண்டையும் சேர்ப்பது வழக்கமாம்.

கதிரியக்கம் என்றதும் நான்தான் தயங்கினேன். கடற்கரை மணலிலேயே இயற்கையாகக் கதிரியக்கம் உள்ள ஊரில் பிறந்த அம்மா சிரித்தாள்: "மணவாளக்குறிச்சி மண்ணுல கிடந்து வளந்தவளுக்கு இது என்ன மக்ளே!"