குறிகட்டுவானில் தனிப்படகு: நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போய் வந்த விபரம்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலிலுள்ள நெடுந்தீவைப் பார்க்க, வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிற குடும்பங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேராகப் போவதென்றால் தனிப்படகு பிடியுங்கள். வசதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் ஓடும் பயணிகள் படகில் உள்ள இருக்கைகள் அந்தத் தீவுச் சனத்துக்கு வேண்டியவை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் காட்டிவிட்டுத் திரும்பும் வயோதிபர், தீவில் படிப்பிக்கப் போகும் ஆசிரியர்கள், அரிசி மூட்டையோடும் காஸ் சிலிண்டரோடும் போகும் கடைக்காரர், இவர்களுக்கு வேறு வழி கிடையாது. விடுமுறைக் காலத்தில் நாங்கள் கூட்டமாகக் கமராவோடு வந்து ஏறிவிட்டால் அவர்கள் நெரிசலில் நின்றுகொண்டுதான் கடல் கடக்க வேண்டும். இறங்குதுறையில் ஒரு அம்மா கையில் மருந்துப் பையோடு இடம் கிடைக்காமல் நின்றதைப் பார்த்த பிறகு, இதை எழுதியே ஆகவேண்டும் என்று பட்டது.

நான் வாழ்வது நோர்வேயின் மேற்குக் கரையில். அங்கும் தீவுக்குத் தீவு படகில்தான் போக்குவரத்து. அதனால் படகுச் சேவை எப்படி இருக்கவேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் அக்கறை அதிகம். இந்தமுறை அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனதால், ஏறும் படி முதல் மலசலகூடம் வரை எல்லாவற்றையும் கவனித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

யாழ் நகரிலிருந்து குறிகட்டுவான் முப்பது கிலோமீற்றருக்கு மேல். பண்ணைப் பாலத்தில் ஏறியதுமே இரண்டு பக்கமும் மீன் பிடிக்கும் களங்கண்ணிக் கம்புகள் நட்ட ஆழமில்லாத கடல். அல்லைப்பிட்டி, வேலணை தாண்டி, வாணர் பாலத்தால் புங்குடுதீவுக்குள் போனால், பூட்டிக் கிடக்கும் வீடுகளும் புதிதாகப் பூசிய கோயில் கோபுரங்களும் மாறிமாறி வரும். வீட்டுக்காரர் சுவிசிலும் பிரான்சிலும் கனடாவிலும். கோயிலுக்கு மட்டும் காசு வந்துகொண்டிருக்கிறது. வீதி முடிகிற இடம் குறிகட்டுவான் இறங்குதுறை. பஸ்சும் அதுவரை போகும்.

படகு ஒழுங்கு செய்வதைப் பற்றி விபரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆட்கள் அலைக்கழிவது இதில்தான். நகரில் நாங்கள் தங்கிய இடத்தில் ஒருவர் எல்லாவற்றையும் தானே பார்த்துத் தருவதாகச் சொன்னார். தொகையைக் கேட்டோம், சொன்னார். பிறகு புங்குடுதீவிலுள்ள மச்சான் நேரடியாகப் படகுக்காரரோடு கதைத்தபோது ஏறக்குறைய அரைவாசிதான் வந்தது. இடையில் இருப்பவர் எடுக்கும் பங்கு அவ்வளவு. அந்தப் பங்கில் ஒரு சதம்கூடக் கடலில் ஓடுகிறவருக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். ஊரில் சொந்தக்காரர் இருந்தால் அவர் மூலம் கதையுங்கள். இல்லாவிட்டால் முதல் நாளே குறிகட்டுவானுக்குப் போய் அங்கே நிற்கும் படகுக்காரரிடமே கேளுங்கள். விலை படகுக்குத்தான், தலைக்கு அல்ல. எண்ணெய் விலையோடு அது ஏறி இறங்கும் என்பதால் நான் கொடுத்த தொகையை இங்கே எழுதவில்லை. எந்தெந்தத் தீவு, எத்தனை மணிக்குத் திரும்புவது, காத்து நிற்பதற்குத் தனிக்காசா, இந்த மூன்றையும் ஏறுவதற்கு முன்னமே பேசிக்கொள்ளுங்கள். இன்னொன்று, பயணிகளை ஏற்ற அனுமதி எடுத்த படகா என்று கட்டாயம் கேளுங்கள். மீன்பிடி வள்ளத்தில் மலிவாகக் கொண்டுபோய் விடுகிறோம் என்று வருவோரும் உண்டு. அதில் ஏறவேண்டாம்.

எங்கள் படகுக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர், நெடுந்தீவில் பிறந்தவர். "வெள்ளன வாங்கோ தங்கச்சி, காத்துக் கிளம்ப முன்னம் பெருங்கடலைக் கடந்திடோணும்" என்று முதல் நாள் இரவே தொலைபேசியில் சொல்லிவிட்டார். விடிந்தும் விடியாமலும் நாங்கள் போனபோது அவர் படகைக் கழுவித் துடைத்து, இருக்கைப் பலகையில் பாய் விரித்து வைத்திருந்தார். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. இறங்குதுறைக்கும் படகுக்கும் இடையில் நல்ல உயர வித்தியாசம். பிடித்து இறங்கக் கைபிடியோ சரியான படியோ இல்லை, பழைய டயர்கள்தான் தொங்குகின்றன. உதவியாள் பெடியன் கீழே நின்று தோளைக் கொடுக்க, அவர் மேலிருந்து கையைப் பிடித்து, "அவசரமில்லை அம்மா, படகு மேல வரேக்க காலை வையுங்கோ" என்று அலைக்கு நேரம் பார்த்து இறக்கினார். அந்தக் கவனத்தை நான் எந்தப் பெரிய கப்பலிலும் கண்டதில்லை. ஆனால் ஒரு மனிதரின் கவனத்தை நம்பி வயோதிபர் ஏறி இறங்கும்படி ஒரு துறையை விட்டுவைப்பது சரியில்லை. தினமும் நூற்றுக்கணக்கான யாத்திரிகர் வந்துபோகும் இடத்துக்கு ஒரு மிதக்கும் படி போடுவது முடியாத காரியமல்ல.

புறப்படுவதற்கு முன் பெயர், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம் பதியவேண்டும். கடற்படையினர் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். கடவுச்சீட்டின் பிரதி ஒன்று கையில் இருந்தால் வேலை சுலபம்.

உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருந்தது. பெரியவர்களுடையது நல்லது. பிள்ளைகளின் அளவில் ஒன்றுமே இல்லை. சின்னவளுக்குப் பெரிய அங்கியைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். தண்ணீரில் விழுந்தால் அப்படிக் கட்டியது தலைக்கு மேலால் கழன்றுவிடும். நோர்வேயில் எட்டு மீற்றருக்குக் குறைந்த உல்லாசப் படகு ஓடும்போது எல்லோரும் மிதவை அங்கி அணிந்திருக்க வேண்டும் என்று 2015 இல் சட்டமே வந்தது. இங்கே வருகிற புலம்பெயர் குடும்பங்கள் பிள்ளைகளின் அங்கியைப் பெட்டியில் கொண்டுவந்து, போகும்போது படகுக்காரருக்கே கொடுத்துவிட்டுப் போகலாம். நாங்கள் அடுத்தமுறை கொண்டுபோகிறோம் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறோம்.

நயினாதீவு கிட்டத்தான், கால் மணி நேரம் போதும். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையில் இருப்பதால் தெற்கிலிருந்தும் பஸ் பஸ்சாகச் சனம் வரும். மணிமேகலைக்கு அட்சய பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இதுதான் என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர். பூசை முடிந்து போனால் யாரென்று கேளாமல் வயிறாரச் சோறு போடுவார்கள். ஆனி மாதத் திருவிழாக் காலத்தில் தனிப்படகு கிடைப்பது கஷ்டம், அந்த நாள்களில் நெடுந்தீவுத் திட்டத்தை விட்டுவிடுங்கள்.

நயினாதீவைக் கடந்து தென்மேற்கே போகப் போகத்தான் கடல் குணம் மாறுகிறது. அதுவரை அடித்தரை தெரியும் பச்சைத் தண்ணீர், பிறகு கருநீலம். அலை பக்கவாட்டில் அடிக்கத் தொடங்கும். ஓட்டி வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு அலைக்கும் படகின் முன்பக்கமான அணியத்தைத் திருப்பித் திருப்பி ஏற்றினார். இடையில் பேச்சுவாக்கில் சொன்னார், தான் முன்பு முழுநேர மீன்பிடித் தொழிலாளி என்று. இந்திய இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போன பிறகு, புதிய வலைக்குக் கடன் எடுப்பதை விட ஆட்களை ஏற்றுவோம் என்று இந்த வேலைக்கு வந்தாராம். இழுவை வலையால் மீன்பிடிக்கும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் படகுகளோ நின்றபாடில்லை. பாக்கு நீரிணையின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் தமிழர்தான் கடலை நம்பி இருக்கிறார்கள் என்பது இதை இன்னும் வேதனையாக்குகிறது. அவர் யாரையும் திட்டவில்லை. "அங்கயும் கூலிக்கு வாறவன்தானே தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

நெடுந்தீவில் இறங்குவது மாவிலித்துறையில். அங்கே குமுதினிப் படுகொலை நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15 அன்று இந்தத் தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோரை வெட்டிக் கொன்றார்கள். அந்தப் படகைத் திருத்தி மறுபடியும் இதே கடலில் ஓடவிட்டார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். சுற்றுலா ஒழுங்கு செய்வோரின் பட்டியலில் குதிரையும் பெருக்கமரமும் (பவோபாப்) இருக்கும், இந்த இடம் இருக்காது.

தீவைச் சுற்ற ஆட்டோவும், பின்பக்கம் திறந்த கப் வாகனமும் துறையடியில் நிற்கும். நாங்கள் ஆட்டோ எடுத்தோம். ஒல்லாந்தர் கோட்டை என்று சொல்லும் கோட்டையின் இடிபாடு வைத்தியசாலைக்குப் பின்னால், பக்கத்தில் புறாக்கூடு, ஆள் உள்ளே நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்கமரம், வெடியரசன் கோட்டை என்று சொல்லும் கற்குவியல், எல்லாம் அரை நாளில் பார்க்கலாம். ஆனால் என் கண் முழுக்க வேலிகளில்தான் இருந்தது. வளவுக்கு வளவு, பவளப்பாறைக் கல்லான முருகைக்கல்லைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய மதில்கள், மைல் கணக்கில் போகின்றன. ஒரு கல்லை எடுத்து மற்றதன் வயிற்றுக்குள் பொருத்தும் கை வேலை அது. பல வளவுகளில் மதில் சரிந்து கிடக்கிறது, அடுக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள் என்று ஆட்டோக்காரத் தம்பி சொன்னார். கோட்டையைப் புனரமைக்கக் காசு தேடுவோர் இந்த மதில்களையும் நினைக்கவேண்டும். நெடுந்தீவை நெடுந்தீவாகக் காட்டுவது இவைதான்.

குதிரைகள் தெற்கு வெளியில் கூட்டமாக நின்றன. போர்த்துக்கீசர் கொண்டுவந்த இனம், ஒல்லாந்தர் வளர்த்துப் பெருக்கியது என்பார்கள். கடும் வெயில் காலத்தில் தண்ணீர் இல்லாமல் அவை செத்துப்போவது உண்டு. தீவில் நல்ல தண்ணீர் மனிதருக்கே தட்டுப்பாடு. ஆகவே குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், வெறும் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். குதிரைகளைப் படம் எடுக்க ஆட்டோவை அருகே விரட்டிக்கொண்டு போகச் சொல்லவும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். படகுக்காரரின் அக்கா வீட்டில் விளைமீன் குழம்பும் கணவாய்ப் பிரட்டலும் முருங்கையிலைச் சுண்டலும் சமைத்துத் தந்தார். அம்மா இரண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டதைக் கண்டு எனக்குக் கண் கலங்கியது. போகும்போது புழுக்கொடியலும் பனங்கட்டியும் விலைக்கு வாங்கினோம். மலசலகூடம் கேட்டால் வீடுகளில் முகம் கோணாமல் விடுகிறார்கள், ஆனால் துறையடியிலுள்ளது பாவிக்கக்கூடிய நிலையில் இல்லை. பெண்களும் வயோதிபரும் தண்ணீர் குடிக்காமலே அந்தப் பயணத்தை முடிக்கப் பார்க்கிறார்கள். இது வெயிலில் ஆபத்தானது. துறையில் நிழலும் போதாது.

வேறொரு நாள் ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் போனோம். அங்கே கோட்டையோ குதிரையோ இல்லை. வயலும் புகையிலைத் தோட்டமும் ஆரவாரமில்லாத கடற்கரையும்தான். பிள்ளைகள் அதிகம் மகிழ்ந்தது அங்கேதான். ஆழமில்லாத கடல், குளிக்கப் பயமில்லை. வழியில் காரைநகர்ப் பக்கம் கடலுக்கு நடுவே நிற்கும் கடற்கோட்டையைச் சுற்றிக் காட்டினார்கள். 1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளே தண்ணீர்த் தாங்கி உடைந்ததால் போர்த்துக்கீசர் சரணடைந்தார்களாம். இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. படகுக்குச் செலவழிக்க முடியாதவர்கள் ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு ஓடும் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறினாலே கோட்டையைப் பார்த்துவிடலாம். காசும் இல்லை.

சிலர் கச்சதீவுக்கு விடச்சொல்லிப் படகுக்காரரை நெருக்குகிறார்கள். அந்தோனியார் திருவிழாவுக்கு மாசி, பங்குனியில் அனுமதியோடு போவதைத் தவிர வேறு வழியில்லை. வற்புறுத்தினால் மாட்டிக்கொள்வது அவர்தான். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவருடைய படகும் அனுமதியும் போய்விடும்.

காலம் பார்த்துப் போங்கள். வடகிழக்கு வாடைக்காற்று ஓய்ந்த பிறகு மாசி முதல் சித்திரை வரை கடல் அமைதி. வைகாசிக்குப் பிறகு தென்மேற்குக் காற்றான சோழகம் எழும்பிவிட்டால் மத்தியானத்துக்குப் பின் நெடுந்தீவுக் கடல் முரடு. ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை விழுவதே இந்தச் சோழகக் காலத்தில் என்பதால் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறார்கள். வந்தால் விடியப் புறப்பட்டு மத்தியானத்துக்குள் திரும்புகிற மாதிரி வையுங்கள். முதல் நாள் பின்னேரம் ஓட்டியோடு ஒருக்கால் கதையுங்கள். நாளைக்குக் காத்துச் சரியில்லை என்று அவர் சொன்னால் வேறு நாளுக்கு மாற்றுங்கள். காசு கூட்டித் தருகிறோம், எப்படியாவது கொண்டுபோங்கோ என்று மட்டும் கேட்காதீர்கள்.