ஏர் ஃபில்டரை மாற்றாமலேயே 4,850 ரூபாய் பில்: கார் வைத்திருப்பவர்கள் உஷார்

இன்று காலைதான் விஷயம் தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டரை எப்போது மாற்ற வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நான் ஏமாந்த கதை.

எனக்கு நாமக்கல். லாரி பாடி கட்டுகிற ஊர், தெருவுக்கு நாலு மெக்கானிக். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஏசி ரூமில் உட்கார வைத்துக் காபி தருகிறார்களே என்று, புதிதாகத் திறந்த ஒரு மல்டி பிராண்ட் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பெயர் வேண்டாம். வழக்கமாக என் காரைப் பார்க்கும் மெக்கானிக் பெரியவர், தன் மகளின் கல்யாண வேலையில் இருந்தார். எனக்கு ஆயில் மட்டும்தான் மாற்ற வேண்டும். 46,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் கார்.

அரை மணி நேரத்தில் ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும், சட்டை முழுக்கக் கிரீஸ். ஒரு ஃபில்டரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து என் காலடியில் ஒரு தட்டு தட்டினான். மண் கொட்டியது. மடிப்பிலிருந்து காய்ந்த வேப்பிலை ஈர்க்கு ஒன்றும் விழுந்தது. "பாருங்கண்ணா, இன்ஜின் இது வழியாத்தான் மூச்சு விடுது. இப்படியே ஓட்டுனா மைலேஜ் போயிரும்" என்றான். என் அம்மாவுக்கு ஆஸ்துமா. மூச்சு என்ற சொல்லிலேயே நான் விழுந்துவிட்டேன். அந்த ஈர்க்கைப் பார்த்த பிறகு சந்தேகம் எங்கே வரும்? "சரி தம்பி, மாத்திருங்க" என்றேன்.

ஏர் ஃபில்டர் 950, ஏசி ஃபில்டர் 850, த்ராட்டில் கிளீனிங் 1,200, இன்ஜின் டீகார்ப் என்று ஏதோ ஒன்று 1,850. ஆயில் போக 4,850 ரூபாய். ஜிபேயில் அனுப்பிவிட்டு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்றுக் கொல்லிமலை ஏறும்போது பானெட்டுக்குள் உஸ்ஸென்று ஒரு சத்தம். இன்று காலை பெரியவரிடம் போனேன். ஏர் ஃபில்டர் பெட்டியின் ஒரு கிளிப் உடைந்து, அந்த இடத்தில் வெள்ளை கேபிள் டை கட்டியிருந்தது. வெட்டி மூடியைத் தூக்கினார். உள்ளே இருந்த ஃபில்டரின் ரப்பர் ஓரத்தில், மார்க்கரில், அவருடைய கையெழுத்திலேயே '38,000' என்று இருந்தது. "கண்ணு, இது நான் போட்டதுல்ல?" என்றார். வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். மடிப்பெல்லாம் வெளிச்சம் தெரிந்தது. எட்டாயிரம் கிலோமீட்டர்தானே ஓடியிருக்கிறது.

"அவன் காட்டுனது எவ்வளவு பெருசு?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. அது முழங்கை நீளம். என்னுடையது ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான். காட்டுவதற்கென்றே ஒரு அழுக்கு ஃபில்டர் வைத்திருக்கிறார்கள்! வருகிறவனிடமெல்லாம் அதைத்தான் தட்டுவார்கள் போல. பணம் போனதோடு போகவில்லை. மூடி சரியாக உட்காராததால் இத்தனை நாள் வடிகட்டாத காற்று உள்ளே போயிருக்கிறது. மண் உள்ளே போனால் சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் அரம் போட்ட மாதிரி தேய்த்துவிடும்.

உடனே போன் செய்தேன். மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறாராம், காலை பத்தரை மணிக்கு. அடுத்த முறை, "பில்லுல போட்டிருக்குதுங்களே, அப்ப மாத்தியிருப்போம்." போட்டோ அனுப்பினேன். இரண்டு நீல டிக். பிறகு, "நீங்க வேற எங்கயோ காட்டியிருக்கீங்க, அவங்க கழட்டியிருப்பாங்க." கடைசியாக, அடுத்த சர்வீஸில் 500 குறைத்துத் தருவார்களாம். 4,850 போனவனுக்கு 500, அதுவும் திரும்பவும் அங்கேயே போனால்! அந்தப் பையனைக் கேட்டேன், லீவாம்.

மைலேஜ் கதையும் முழுப் பொய். 2009-லேயே அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் சோதித்துப் பார்த்திருக்கிறது. இப்போதைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்தால் இழுவைதான் குறையும், மைலேஜ் சொல்லும்படி குறையாது. இதையெல்லாம் பணம் கொடுத்த பிறகுதான் தேடிப் படிக்கிறோம்.

சரி, சொன்ன விஷயம். என் கார் கையேட்டில் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று என்று இருக்கிறது, புழுதி ரோடு என்றால் அதற்கும் முன்னாலேயே. உங்கள் கையேட்டைப் பாருங்கள். பத்தாயிரத்துக்கு ஒருமுறை திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பல கார்களில் நாலு கிளிப்தான். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவாதீர்கள். ஏசி ஃபில்டர் வேறு, அது பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். பழையதையும் புதியதன் அட்டைப்பெட்டியையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், முடியவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். 4,850 ரூபாய் வருமா தெரியாது. அந்தக் கிளிப் இங்கே கிடைக்கவில்லை, நாளைக்குச் சேலம் போக வேண்டும்.