ஸ்பீக்கர் டெர்மினல்ல ஈயம் வைக்கலாமா, லக் மாட்டலாமா?

ஒயரை டெர்மினல் ஓட்டைல நுழைச்சு முறுக்கி டேப் சுத்துறத நான் கணக்குலயே சேர்க்கல. பேஸ் அடிக்கிற அடியில அது தளர்ந்து கரகரன்னு சத்தம் வரும், ஒரு இழை பக்கத்து டெர்மினல்ல பட்டுச்சுன்னா ஆம்ப்ளிஃபயர் அவுட்புட்டே போயிடும். மிச்சம் ரெண்டு வழிதான்.

லக்னா ஒயர் நுனில நசுக்கி, டெர்மினல் தகட்டுல சொருகுற சின்ன உலோகக் கவ்வி. அதுல சூடே கிடையாது, அதான் அதோட பெரிய பலம். நிறைய ஸ்பீக்கர்ல பிளஸ் தகடு அகலமாவும் மைனஸ் குறுகலாவும் இருக்கும், கார் ஸ்பீக்கர்ல 4.8 மில்லி, 2.8 மில்லின்னு வரும், அதுக்கேத்த லக் வாங்கினா மாத்தி மாட்டவே முடியாது. ஆனா கிரிம்பிங் பிளையர்ல அழுத்தணும், சும்மா கட்டிங் பிளையர்ல நசுக்கினா ஒயர் இழுத்ததும் கையோட வந்துடும்.

ஈயம் சரியா பிடிச்சா அதுபாட்டுக்கு வருஷக்கணக்கா கிடக்கும், தளராது. பயம் எல்லாம் வைக்கிற அந்த சில செகண்ட்ல தான். தகட்டுல இருந்து கோனுக்கு, அதாவது முன்னாடி ஆடி சத்தம் எழுப்புற கூம்புக்கு, ஜரிகை மாதிரி ஒரு பின்னல் ஒயர் போகும் பாருங்க, அதோட ஜாயின்ட்டும் அதே தகட்டுல தான் இருக்கு. என் 12 இன்ச் வூஃபர்ல 25 வாட் சால்டரிங் அயர்ன வச்சு ஈயம் உருகலையேன்னு அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன், தகடு முழுக்க சூடேறி அந்தப் பக்க ஜாயின்ட் உருகி பின்னல் ஒயர் கழண்டு தொங்கிடுச்சு. 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரிக்குள்ளயே உருகிடும், ஆனா பெரிய தகடு சின்ன அயர்னோட சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், அதனால பெரிய ஸ்பீக்கருக்கு 60 வாட் எடுத்து ரெண்டு மூணு செகண்ட்ல முடிச்சு கையெடுக்கிறது தான் பாதுகாப்பு. பின்னல் ஒயர்ல ஈயம் ஏறிட்டா அது விறைச்சுப்போய் கோன் ஆடுற ஆட்டத்துல ஒடிஞ்சிடும், அது கிட்டயே போகாதீங்க.

தகட்டை லேசா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, தகட்டுலயும் ஒயர் நுனிலயும் முன்னாடியே ஈயம் பூசி வச்சுக்கங்க. ஈயம் பிடிக்கத் தடவுறதுல ஆசிட் பேஸ்ட் வேண்டாம், நாளடைவில அரிக்கும், ரோசின்ங்கிற மரப்பிசின் போதும். கோனுக்கு மேல அட்டை வைங்க, ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பர் கருகிடும். காந்தம் வேற அயர்ன் முனையைப் பிடிச்சு இழுக்கும், முதல் தடவை கை அப்படியே சரியும், கெட்டியா பிடிங்க. ஆம்ப்ல இருந்து ஒயரைக் கழட்டிட்டுதான் தொடணும், முடிச்சதும் கைய சோப்பு போட்டுக் கழுவுங்க, ஈயம் விஷம்.

வீட்டு பாக்ஸ், சப்வூஃபர்னா நான் ஈயம் தான் வைப்பேன். கார்ல லக் தான், கதவுக்குள்ள குனிஞ்சு சூடு வைக்கிறது கஷ்டம், அதிர்வுல ஈயம் முடியிற இடத்துல ஒயர் ஒடியுறதும் உண்டு.

எது செஞ்சாலும் மூடுறதுக்கு முன்னாடி ஒரு 1.5 வோல்ட் பேட்டரிய ஒயர் மறுமுனைல ஒரு நொடி தொடுங்க, பிளஸ்ஸுக்கு பிளஸ் வச்சா கோன் முன்னாடி தள்ளணும். உள்ள போச்சுன்னா ஒயர் மாறிக் கிடக்கு, அப்பவே மாத்திடுங்க.